பச்சையாத்தான் இருந்துச்சு

"இல்லை" என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. பெரம்பலூரில் ஒரே அறையில் அவரோடு வேலை பார்த்த காலம் முழுக்க அப்படித்தான். வேலை கேட்டு வரும் பிள்ளைகளிடம் கேள்வி கேட்க முதலாளி அவரைத்தான் உட்கார வைப்பார். அவரோ எவ்வளவு மோசமாகப் பதில் சொன்னவரையும் "நல்லா பண்ணீங்க, சொல்றோம்ங்க" என்று படிக்கட்டு வரை கூட வந்து அனுப்பி வைப்பார். அந்தப் பிள்ளைகள் அதற்கப்புறம் மாதக்கணக்கில் போன் செய்துகொண்டே இருப்பார்கள். "சார் நல்லா பண்ணேன்னு சொன்னாருங்க, இன்னும் ஒண்ணும் வரலையே?" அலுவலகத்துக்கு வரும் போன்களை எடுப்பது என் வேலை. அதனால் அவர் சொல்லாமல் விட்டதையெல்லாம் நான் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தோம். இடுப்பில் குழந்தையோடு ஓடி வந்த ஒரு அம்மா, "அரியலூர் பஸ் போயிருச்சா தம்பி?" என்று அவரிடம் கேட்டார். அது எங்கள் கண் முன்னால் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது.

"வந்துரும்மா. இப்படி ஓரமா நில்லுங்க" என்றார் அவர்.

நான் குறுக்கே புகுந்து, "இப்பத்தாம்மா போச்சு. அடுத்தது வர நேரமாகும்" என்றேன். அந்த அம்மாவின் முகம் வாடியது. அவர் அதைப் பார்த்துவிட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அந்த நிமிஷமே சொல்லணுமாங்க? கொஞ்சம் மூச்சு வாங்கிக்கட்டும்னு விட்டிருக்கலாம்ல?"

அவருடைய நியாயம் அவ்வளவுதான். கெட்ட செய்தி எப்படியும் தெரியத்தான் போகிறது, அது தன் வாயால் வர வேண்டாம்.

எங்கள் நிறுவனம் ஒரு உரக்கடையின் மாடியில் இருந்தது. பள்ளிக்கூடங்களுக்கும் பால் சொசைட்டிகளுக்கும் மொபைல் ஆப் செய்து கொடுத்தோம். போனில் தெரியும் பகுதி முழுக்க அவர் பொறுப்பு. அரியலூரில் ஓர் அறக்கட்டளை நடத்திய டயாலிசிஸ் மையத்துக்கும் ஒரு ஆப் செய்தோம். தங்கள் முறை எந்த நாள், அன்றைக்கு இயந்திரம் ஓடுகிறதா என்பதை நோயாளிகள் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். வருகிறவர்களில் பலருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது என்று மையத்து நர்ஸ் சொன்னார். நாங்கள் எல்லோரும் அதைக் கேட்டுவிட்டு மறந்தோம். அவர் மறக்கவில்லை. திரை முழுக்க ஒரே ஒரு பெரிய கட்டம், அதற்குள் முறை நாளின் தேதி வைத்தார். முறை உறுதி என்றால் பச்சை. ரத்து என்றால் சிவப்பு. "படிக்கவே வேணாம்ங்க. நிறத்தைப் பாத்தாப் போதும்" என்று என்னிடம் காட்டினார். அந்த ஒரு காரியத்துக்காகவே எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

முதலில் வந்த ஆப்பில் சிக்கல் இருந்தது. முந்திரிக் காட்டுப் பக்கத்து ஊர்களில் சிக்னல் வரும், போகும். போன நேரத்தில் ஆப்பைத் திறந்தால் "பிழை" என்று வந்துவிடும். தங்கள் முறையைத்தான் ரத்து செய்துவிட்டார்கள் என்று நோயாளிகள் பயந்துபோய்க் கூப்பிடுவார்கள். கங்கைகொண்ட சோழபுரத்துப் பெரியவர் ஒருவர் போனிலேயே அழுதார். "எனக்கு இனிமே மிஷின் போட மாட்டாங்களாம்மா?" போன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்து நாற்காலியில் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

அடுத்த வாரம் அந்தப் பிழைத் திரை காணாமல் போனது. சிக்னல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டம் ஏதாவது ஒரு நிறத்தில் தெரிந்தது. எப்படி என்று கேட்டேன்.

"நாம போயிப் போயிக் கேக்குறது இல்லைங்க. ஆப்பு காதைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். சர்வர்ல என்ன மாறினாலும் அதுவா வந்து சேரும், திரையும் அதுவா மாறிக்கும். நடுவுல பிழை வந்தா அதை நான் பிடிச்சுக்கறேன். அதுக்குப் பதிலா, கடைசியா வந்த தகவல் போன்லயே சேத்து வச்சிருக்கு பாருங்க, அதை எடுத்துக் குடுத்துடறேன்."

"அப்ப அது பழைய தகவல்தானே? பழசுன்னு தெரியற மாதிரி ஒரு வரி போடலாமே. பச்சையைக் கொஞ்சம் வெளிறினாப்ல காட்டலாமே."

"போட்டுரலாம்ங்க" என்றார்.

அவர் போடவில்லை. மறுபடி கேட்டபோது "அடுத்த வெர்ஷன்ல போட்டுரலாம்ங்க" என்றார். முடியாது என்று சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். சரி என்கிறவரிடம் என்ன சண்டை போடுவது? போன்கள் நின்றன. முதலாளிக்கு மகிழ்ச்சி. மையத்திலும் மகிழ்ச்சி. அதுவரை ஒவ்வொரு நோயாளிக்கும் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்த அவர்கள் அந்த வேலையை விட்டுவிட்டார்கள்.

அவருக்குச் சொந்த ஊர் செந்துறை. சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றுக்கு நான் அந்த ஊருக்குப் போயிருந்தேன். "வூட்டுக்கு வராம போகக் கூடாதுங்க" என்று மண்டப வாசலுக்கே வந்து கூட்டிப் போனார். அவரும் அம்மாவும் மட்டும்தான். தம்பி ஒருவன் வளைகுடா நாட்டில் கட்டட வேலைக்குப் போனவன். ஒரு நாள் அவன் எண் அணைந்துபோயிற்று. கூட இருந்தவர்கள் வேறு எங்கோ போய்விட்டான் என்றார்கள். பிறகு அவர்களும் போனை எடுப்பதில்லை. இது அலுவலகத்தில் பேச்சுவாக்கில் எனக்கு ஏற்கெனவே தெரியும்.

நான் உட்கார்ந்ததும் அவர் அம்மா, "தம்பி ஏதும் பேசினானாப்பா?" என்று கேட்டார்.

"பேசினாம்மா. இந்தா, அனுப்பியிருக்கான்" என்று அவர் போனை எடுத்தார். விரல் திரையைத் தள்ளிக்கொண்டே மேலே மேலே போனது. பிறகு ஒரு குரல் வந்தது. "அம்மா, சாப்பிட்டேன். வேலை இருக்கு. அப்புறம் கூப்புடுறேன். உடம்பைப் பாத்துக்க." அதன் பின்னால் யாரோ ஒரு ஆள், "கறி வாங்கியாச்சாடா?" என்று கேட்பது மங்கலாகக் காதில் விழுந்தது. அம்மா தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். அவர் சட்டென்று எழுந்து, கலர் வாங்கி வருகிறேன் என்று கடைக்குப் போனார்.

அம்மா அடுப்படியில் இருந்து என்னைக் கூப்பிட்டார். போனேன்.

"உனக்கும் தெரியும்தானே பாப்பா, அது பழசுன்னு?"

நான் அடுப்பைப் பார்த்தேன்.

"எப்பப் பாத்தாலும் அவனுக்குப் பின்னால ஒருத்தன் கறி வாங்கியாச்சான்னு கேக்குறான். வருஷம் பூராவுமா அவங்க கறி வாங்காம இருப்பாங்க?" தோசையைத் திருப்பிப் போட்டார். "இவன்கிட்ட நான் கேட்டுக்கறது இல்லை. கேட்டா இவன் என்ன பதில் சொல்லுவான்? முழிப்பான். அதைப் பாக்க எனக்கு முடியலை."

அவர் கலர் பாட்டில்களோடு வந்தார். மூன்று பேரும் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினோம்.

விக்கிரமங்கலம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கிருந்து ஒரு அக்கா எனக்கு அடிக்கடி போன் செய்வார். அவர் கணவர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் போய், வாரம் தவறாமல் அரியலூர் மையத்துக்கு வந்துகொண்டிருந்தார். அக்காவுக்குப் படிக்க வராது. முறைக்கு முதல் நாள் கூப்பிட்டு, "பாப்பா, பச்சையா இருக்கு. கிளம்பலாம்ல?" என்பார். நான் கணினியில் பார்த்து ஆமாம் என்பேன். ஒரு தடவை நான் இருக்கையில் இல்லாதபோது போனைப் பக்கத்து நாற்காலியிலிருந்து அவர் எடுத்திருக்கிறார். "பச்சைன்னா தாராளமா கிளம்புங்கக்கா. யாரையும் கேக்கவே வேணாம். அதுக்காகத்தானே செஞ்சிருக்கோம்" என்று சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அக்கா எனக்குக் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் மையத்தில் தண்ணீர் சுத்தம் செய்யும் கருவி பழுதாகிவிட்டது. அது இல்லாமல் டயாலிசிஸ் செய்ய முடியாது. எல்லோருடைய முறையையும் ரத்து என்று போட்டார்கள். சிவப்பைப் பார்த்தவர்கள் திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் போய்விட்டார்கள். லாரிக்காரருக்கு மட்டும் பச்சையாகவே இருந்தது. அவரும் தண்ணீரைக் குறைத்துக் குடித்துக்கொண்டு, வீங்கிய காலோடு, தன் முறைக்காக வீட்டில் காத்திருந்தார்.

முறை நாளன்று காலையில் அக்காவின் எண் வந்தது.

"பாப்பா, இங்க மையம் பூட்டிக் கெடக்குது. வாட்ச்மேன் மட்டும்தான் இருக்காரு. எங்களுக்குப் பச்சையாத்தான் இருக்கு."

என் கணினியில் லாரிக்காரர் பெயருக்கு எதிரே சிவப்பு இருந்தது. முந்தாநாளே போட்டது.

"அக்கா, மிஷின் ஓடலை. ரெண்டு நாளாவே ஓடலை. உடனே தஞ்சாவூர் கூட்டிட்டுப் போங்க."

"பஸ்ல போயிரலாமா? மூச்சு வாங்குதுங்குறாரு."

அந்த மூச்சு எனக்கே கேட்டது. "பஸ் வேணாம்க்கா. அங்கேயே உக்கார வைங்க, ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்றேன்" என்று வைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டேன். பக்கத்து நாற்காலியில் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்கவில்லை. தஞ்சாவூர் போய்ச் சேருமுன்பே லாரிக்காரர் இறந்துபோனார். அதை அவரிடம் சொன்னதும் நான்தான்.

அவர் எழுந்துபோய்த் தன் போனில் அந்த ஆப்பைத் திறந்தார். நெட்டை அணைத்தார். மறுபடி போட்டார். "இப்ப அங்கேருந்து எதையாவது மாத்துங்க" என்றார். சோதனைக்கென்று இருந்த பெயரை நான் கணினியில் சிவப்பாக்கினேன். அவர் போனில் பச்சையாகவே இருந்தது. காத்திருந்தோம். மறுபடி மாற்றினேன். பச்சைதான். ஆப்பை முழுதாக மூடித் திறந்தார். உடனே சிவப்பு வந்தது.

"ஒரு தடவை பிழை வந்துட்டா தகவல் வர்ற ஓட்டம் அத்தோட முடிஞ்சிருதுங்க" என்றார். "ஒவ்வொரு தடவையும் தகவல் கேக்குற இடத்துலயே பிழையைப் பிடிச்சிருக்கணும். நான் எல்லாத்துக்கும் கடைசியில வச்சுப் பிடிச்சுட்டேன். பழசை எடுத்துக் குடுத்துட்டு அது காதை மூடிக்கிச்சு. அதுக்கப்புறம் நெட் வந்தும் ஒண்ணும் கேக்காது. நாம சோதிக்கும்போது ஒவ்வொரு தடவையும் மூடி மூடித் திறந்தோம். அதனால தெரியலை."

அந்த அக்கா ஆப்பை மூடவே மாட்டார். மூடினால் எங்காவது போய்விடும் என்று அவருக்குப் பயம். போனின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி வெளிச்சத்தை மட்டும் அணைத்து வைப்பார்.

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "அந்தப் பக்கம் சிக்னல் கிடையாது. யாரு கேட்டாலும் சிக்னல்னு சொல்லுங்க."

"சரிங்க சார்" என்றார் அவர்.

ஆனால் இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்து, "போயிச் சொல்லிட்டு வந்துரலாம்ங்க. தனியாப் போக தைரியம் இல்லை" என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. முதல்முறையாக ஒன்றைச் சொல்லப் போகிறார். அரியலூர் போய் டவுன் பஸ் ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்து, உதடு மட்டும் அசைய, "அக்கா, தப்பு எங்களோடது. அக்கா, நீங்க சரியாத்தான் பாத்தீங்க" என்று மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. இறந்தவரின் அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆப்பு செய்தவர்கள் என்று சொன்னதும், "நீங்க நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க தம்பி. பாக்கத் தெரியாதவ கையில குடுத்துட்டுப் போயிட்டான் எந்தம்பி" என்றார். உள்ளே கேட்கட்டும் என்றே சொன்ன மாதிரி இருந்தது.

அக்கா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழப் பார்த்தார். நான் தடுத்து உட்கார வைத்தேன். அவர் பேசுவதற்கு முன்னாலேயே அக்கா ஆரம்பித்துவிட்டார்.

"அவரை எடுத்த அன்னிக்கு போனு சார்ஜ் இறங்கி அணைஞ்சுபோச்சு தம்பி. வாசல்ல இருக்கற எங்க மச்சான்தான் அப்புறம் போட்டுப் பாத்தாரு. சிவப்பா இருக்கு. தேதியெல்லாம் படிச்சுட்டு, 'அன்னிக்கு முறை ரத்துன்னு போட்டிருக்கான், நீ பச்சைன்னு சொல்லி கூட்டிட்டுப் போயிருக்க'ன்னு எல்லாரு முன்னாலயும் கேட்டாரு. நான் சத்தியம் பண்ணேன். யாரும் நம்பலை. இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நீங்க செஞ்சவரு. உங்களுக்குத் தெரியும். என் கண்ணுதான் தப்பாப் பாத்துருச்சா தம்பி? சிவப்பைத்தான் பச்சைன்னு நினைச்சுட்டேனா?"

அவர் வாயைத் திறந்தார். பஸ் முழுக்கச் சொல்லிப் பார்த்த வார்த்தை தொண்டை வரை வந்தது எனக்குத் தெரிந்தது. அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் அந்த அண்ணன் கழுத்தைத் திருப்பிக் காத்திருந்தார்.

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்பது போல, மெதுவாக, இரண்டு தடவை.

"அக்கா, அப்படிக் கிடையாது" என்றேன் நான். "நீங்க பாத்தது பச்சைதான். அன்னிக்குப் பச்சையாத்தான் இருந்துச்சு. ஆப்புலதான் கோளாறு. போனை அணைச்சுப் போட்டதும்தான் சிவப்பு வந்திருக்கு."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தபடி, "அழாதீங்கக்கா" என்று மட்டும் சொன்னார். வாசலில் இருந்த அண்ணன், "விடும்மா, செஞ்சவரே சொல்லிட்டாரு" என்று என்னிடம் சொன்னார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, "ஏன் அப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்க வேண்டிய மனுஷனை நாங்கதான் கொன்னுட்டோம்னு அவங்ககிட்ட எப்படிங்க சொல்றது? அதைக் கேட்டுட்டு அவங்க எப்படி இருப்பாங்க?"

"இப்ப எப்படி இருப்பாங்க?"

அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த கோபம், பக்கத்தில் நின்று அவர் சத்தமில்லாமல் அழுததைப் பார்த்ததும் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. முழுதாகவும் போகவில்லை. முழுதாகவும் இருக்கவில்லை.

ஆப்பை அவர் திருத்தினார். பிழை வந்தாலும் ஓட்டம் நிற்காதபடி, அறுந்தால் தானாக மறுபடி கேட்கும்படி எழுதினார். தகவல் பழையதென்றால் கட்டம் வெளிறித் தெரிந்தது. "எப்போது வந்த தகவல்" என்று ஒரு வரியும் அடியில் இருந்தது. நான் முன்பு கேட்டது எல்லாமே இருந்தது. ஆனால் கட்டம் வெளிறியதைப் பார்த்துப் பயந்த நோயாளிகள் மறுபடி மையத்துக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மையத்தார் முதலாளியிடம் குறைப்பட்டுக்கொண்டார்கள். முதலாளி அவரிடம், "அந்த வெளிறலையும் வரியையும் எடுத்துருங்க" என்றார்.

"எடுத்துரலாம்ங்க சார்" என்றார் அவர். இதை உடனே செய்தார்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், வழக்கம் போலப் பையை மாட்டிக்கொண்டு, "நாளைக்குப் பாக்கலாம்ங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மறுநாள் வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை. சென்னையில் வேலை என்றார்கள், கோயம்புத்தூர் என்றார்கள். என் எண்ணிலிருந்து கூப்பிட்டால் அடித்து நின்றுவிடும்.

அந்த அக்காவைப் பார்க்க நான் தனியாக ஒரு முறை போனேன். பந்தல் போட்டிருந்த இடத்தில் விறகு அடுக்கியிருந்தது. நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். கணவரின் அண்ணன் தம்பி வீடுகளில் இன்னும் தன்னோடு யாரும் பேசுவதில்லை என்று, அது ஏதோ சாதாரணச் செய்தி போலச் சொன்னார். நான் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். என் போனிலேயே நெட்டை அணைத்து, பழைய ஆப்பு எப்படி ஏமாற்றியது என்று விரலால் காட்டி விளக்கினேன். குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"நீ நல்ல பொண்ணு பாப்பா. என் மனசு ஆறட்டும்னு இம்புட்டுத் தூரம் வந்து சொல்ற. அந்தத் தம்பிக்கு அப்படியெல்லாம் பேசத் தெரியலை. கேட்டதும் உள்ளதை உள்ளபடி ஒத்துக்கிட்டுப் போச்சு. அது மூஞ்சியைப் பாத்தேன்ல, பொய் சொல்ற மூஞ்சியா அது?"

"அக்கா, அவருதான்..." என்று ஆரம்பித்தேன்.

"வெயில்ல வந்திருக்க. இரு, மோர் கொண்டாறேன்" என்று என் கையை விட்டுவிட்டு உள்ளே போனார்.